‘சுல்தான்’ – அரியணையா, ஆதாரமா?



சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துள்ள நாகலூரில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மணமகள் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். அவளுடைய தந்தை கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பிழைப்பு நாடி மலையேறி வந்தவர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். பெண் சிறுமியாக இருந்தபோதே அவர் மறைந்தார். பின்னர் தாயும் மறைந்தார். உடன்பிறந்த சகோதரன் இல்லை. தந்தைவழியில் பாட்டனாரோ, பெரிய தந்தையோ, சிறிய தந்தையோ எவரும் இல்லை. தாயைப் பெற்ற மூதாட்டி ஒருவரே காப்பிப் பழம் பறித்து, அந்தக் கூலியில் பேத்தியை வளர்த்து ஆளாக்கியிருந்தார்.

மணமகன் வீட்டார் வந்து அமர்ந்தனர். நிக்காஹ் பதிவேடு விரிக்கப்பட்டது. “பெண்ணுக்கு வலீ யார்?” என்று பேஷ் இமாம் வினவினார். மஜ்லிஸில் பேச்சு அடங்கிற்று.

வலீ இல்லாத பெண்ணுக்குச் ‘சுல்தான்’ வலீ ஆவார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நான் எடுத்துரைத்தேன். அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்ற நபிமொழி அது. காஜி அவர்களிடம் தெரிவித்து அனுமதி பெறுவதற்காக நிக்காஹ் அஸர் தொழுகைக்குப் பின்னர் என்று தள்ளிவைக்கப்பட்டது. அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்த மூதாட்டியின் குரல் கேட்டது:

“அஜ்ரத்! சுல்தான் என்கிறீர்களே, எந்தச் சுல்தான்? இந்தச் சீமையை ஆண்டாரே, அந்தத் திப்பு சுல்தானா? அவர் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே! அவர் எப்படி என் பேத்திக்கு வலீ ஆவார்?”

சிலர் சிரித்துவிட்டனர். என்னால் சிரிக்க இயலவில்லை. ஓதிக்கொடுத்தும் உபதேசித்தும் பழகிய ஒரு சொல்லின் பொருளை, எழுத்தறியாத ஒரு தாய் அடியோடு அசைத்துவிட்டார். அன்று சுருக்கமாக ஏதோ மறுமொழி கூறினேன். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனின் மீதியை இங்கே செலுத்த விழைகிறேன்.

சொல்லின் வேர்

‘சுல்தான்’ என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? தலைப்பாகை, உடைவாள், அரியணை, யானைப்படை. ஆனால் இச்சொல் பிறந்தபோது அதற்கு இவற்றுள் எதுவும் உரியதாக இருக்கவில்லை.

ஸீன், லாம், தா ஆகிய மூன்றெழுத்து வேரிலிருந்து தோன்றியது இச்சொல். மேலோங்குதல், ஆற்றல் பெறுதல் என்பது அவ்வேரின் கருத்து. அரபியின் உடன்பிறப்பு மொழிகளிலும் இதே வேர் உண்டு. அரமேய, சுர்யானி மொழிகளில் ‘ஷுல்தானா’ என்றால் அதிகாரம். எகிப்தின் பொறுப்பை ஏற்ற யூசுஃப் (அலை) அவர்களை யூதர்களின் வேதநூல் ‘ஷல்லீத்’ என்று குறிப்பிடுவதும் இவ்வேரிலிருந்து வந்ததே. பஞ்ச காலத்தில் பசித்தோர்க்குத் தானியம் அளந்து கொடுத்த கையின் பெயராக அச்சொல் அங்கே அமைந்திருப்பது நம் கருத்துக்குரியது.

அரபு அகராதி அறிஞர்கள் மற்றொரு விளக்கமும் தந்துள்ளனர். ‘ஸலீத்’ என்றால் விளக்கெரிக்கும் எண்ணெய். விளக்கு இருளை அகற்றிப் பொருளைக் காட்டுவது போல, ஐயத்தை அகற்றி உண்மையைக் காட்டும் ஆதாரத்திற்குச் ‘சுல்தான்’ என்ற பெயர் வந்தது என்பர். இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிசானுல் அரப்’ என்னும் பேரகராதியில் இவ்விளக்கத்தைக் காணலாம்.

திருமறையில் சுல்தான்

திருக்குர்ஆனில் ‘சுல்தான்’ என்னும் சொல் 37 இடங்களில் வருகிறது. ஓரிடத்திலேனும் அது முடிசூடிய மனிதர் எவரையும் குறிக்கவில்லை. மன்னனைக் குறிக்கத் திருமறை ‘மலிக்’ என்ற வேறு சொல்லையே ஆளுகிறது. பெரும்பாலான இடங்களில் ‘சுல்தான்’ என்பதற்கு ஆதாரம், சான்று என்பதே பொருள். சில இடங்களில் ஆற்றல், உரிமை என்று பொருள். திருக்குர்ஆனில் வரும் சுல்தான் என்பதெல்லாம் ஆதாரமே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கமளித்ததாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் நூலின் தஃப்ஸீர் பகுதியில் பதிவு செய்துள்ளார்கள்.

இரண்டு காட்சிகளைச் சிந்தியுங்கள்.

முதலாவது, நபி சுலைமான் (அலை) அவர்களின் பேரவை. ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணிவகுத்து நிற்கின்றனர். கொண்டலாத்திப் பறவையாகிய ஹுத்ஹுத் மட்டும் காணப்படவில்லை. அது தன் வரவின்மைக்குத் தெளிவான ஒரு ‘சுல்தானை’க் கொண்டுவராவிடில் கடுந்தண்டனைக்கு ஆளாகும் என்கிறார்கள் நபியவர்கள் (27:21). கவனியுங்கள்! அரியணையில் வீற்றிருப்பவர் சுலைமான் (அலை). சுல்தானைக் கொண்டுவர வேண்டியது ஒரு சிறு பறவை. அது ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்தது. மன்னரே அறியாத ஒன்றைத் தான் அறிந்துவந்திருப்பதாக அஞ்சாமல் அவர்முன் கூறவும் செய்தது. மாமன்னரும் சினங்கொள்ளாமல், அது சொல்வது மெய்தானா என்று ஆராய முற்பட்டார்கள். ஆதாரத்தின் முன் அரியணை காத்து நின்ற காட்சி இது.

இரண்டாவது, ஃபிர்அவ்னின் அரண்மனை. எகிப்தின் ஆட்சியும் தன் காலடியில் ஓடும் ஆறுகளும் தனக்கே உரியவை என்று அவன் மார்தட்டினான் (43:51). அவன் பயன்படுத்திய சொல் ‘முல்க்’, அதாவது ஆட்சியுடைமை. ஆனால் மூஸா (அலை) அவர்களைக் குறிப்பிடும்போது, தெளிவான சுல்தானுடன் அவர்களை அனுப்பியதாக இறைவன் கூறுகிறான் (11:96). கோட்டையும் கொத்தளமும் ஃபிர்அவ்னிடம். சுல்தானோ கைத்தடி ஊன்றி வந்த மூஸா (அலை) அவர்களிடம்! இதனினும் தெளிவான விளக்கம் ஒரு சொல்லுக்கு வேண்டுமோ?

இனி எதிர்ப்புறத்தையும் நோக்குக. மறுமை நாளில் ஷைத்தான் தன்னைப் பின்பற்றியவர்களைப் பார்த்து, உங்கள்மீது எனக்கு எந்தச் சுல்தானும் இருக்கவில்லை. நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள். என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பேசுவான் (14:22). ஆதாரமின்றி அழைப்பவனுக்குப் பின்னால் செல்பவன், தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொள்கிறான் என்பது இதன் பாடம்.

பட்டமாக மாறிய வரலாறு

இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் ‘சுல்தான்’ என்றால் அரசதிகாரம், அதைத் தாங்கும் பொறுப்பு என்றே பொருள் கொண்டனர். நேர்வழி நின்ற கலீஃபாக்கள் எவரும் தம்மைச் சுல்தான் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றதும் ஆற்றிய முதல் உரையில், தாம் மக்களில் சிறந்தவர் அல்லர் என்றும், தாம் தவறினால் மக்கள் திருத்தவேண்டும் என்றும், அவர்களில் பலவீனருக்குரிய உரிமையைப் பெற்றுத்தரும்வரை அவரே தம்மிடம் பலசாலி என்றும் கூறினார்கள். அதிகாரத்தின் ஆதாரம் எது என்பதை அவ்வுரை காட்டிற்று.

998 முதல் 1030 வரை ஆண்ட கஜ்னி மஹ்மூதே சுல்தான் என்று முதன்முதலில் அழைக்கப்பட்ட மன்னர் என்பது மரபுவழி வரலாற்றாசிரியர்களின் கூற்று. 1055-ல் பக்தாதுக்குள் நுழைந்த சல்ஜூக் மன்னர் துக்ரில் பெக்கின் நாணயங்களில் அது அரசமுறைப் பட்டமாகவே நிலைபெற்றது. ‘ஆதாரம்’ என்ற பொருள் மெல்ல மங்கி, ‘ஆள்பவர்’ என்ற பொருள் ஓங்கிற்று.

பட்டங்கள் பெருகிய அக்காலத்தில் பக்தாதில் ஆட்சி செலுத்திய புவைஹி வமிசத்து ஜலாலுத் தவ்லா, ‘மன்னர்களுக்கெல்லாம் மன்னர்’ என்ற பட்டம் தமக்கு வேண்டுமென விரும்பினார். ஹிஜ்ரி 429-ல் அதுபற்றி ஆலிம்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. ஆகும் என்றனர் சிலர். ஜலாலுத் தவ்லாவின் நெருங்கிய நண்பரான இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களோ, அப்பட்டம் இறைவனுக்கே உரியது, ஆகாது என்று தீர்ப்பளித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மன்னர் அவர்களை அழைத்துவரச் செய்தார். பதவி போகுமோ, உயிர் போகுமோ என்று ஊர் நடுங்கியது. ஆனால், நட்புக்காகவும் நன்மைக்காகவும் வாய்மையை விட்டுக்கொடுக்காத இவரைவிட மதிப்புக்குரியவர் எனக்கு எவர் என்று மன்னர் பாராட்டி அனுப்பினார். அரசியல் நெறி குறித்து ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் நூலை யாத்தவர் இந்த மாவர்தீ அவர்களே. அநீதியிழைக்கும் சுல்தானின் முன் உரைக்கப்படும் நீதியான சொல்லே மேலான ஜிஹாத் என்ற நபிமொழிக்கு அவர்களுடைய வாழ்வு ஒரு விளக்கவுரை.

மதுரையும் சேலம் சீமையும்

நம் தமிழகத்துக்கே வருவோம். 1335-ஐ ஒட்டி ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியின் பிடியிலிருந்து விலகி மதுரையில் தனியாட்சி நிறுவினார். அங்கு ஆண்டவர்கள் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் சுல்தான் என்ற பட்டத்துடன் நாணயம் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான கியாஸுத்தீன் தாமகானியை, உலகம் சுற்றிய இப்னு பதூதா நேரில் கண்டார். இருவரும் அஹ்ஸன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள்; நெருங்கிய உறவினர்கள். ஆயினும் இப்னு பதூதா உறவுக்காக உண்மையை மறைக்கவில்லை. தாம் உடனிருந்து உண்ட வேளையிலேயே, சிறைப்பிடித்துக் கொணரப்பட்ட ஒருவரோடு அவருடைய மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொல்லப்பட்டதை எழுதினார். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்பதையும், அதன் பொருட்டே இறைவன் அவருடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்பதையும் குறித்துவைத்தார். கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கண்டித்து எழுதியவர் ஒரு முஸ்லிம் காஜி. அந்த மன்னரிடம் சுல்தான் என்ற பட்டம் இருந்தது, சுல்தான் இருக்கவில்லை.

மூதாட்டி பெயர் சொல்லிக் கேட்ட திப்புவிடம் இப்போது வருவோம். சேலம் சீமையும் பாரமஹாலும் அவருடைய ஆட்சியில் இருந்தன. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அதன் பின்னரே, 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அந்த மூதாட்டியின் கூலிக்கும் மூலம் அதுவே.

ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவ்லியாவின் பெயரைத் தழுவியே திப்புவுக்குப் பெயர் வைத்தனர். அவர் 1786-ல் உதுமானியத் தலைநகருக்குத் தூதுக்குழுவை அனுப்பி, தம் ஆட்சிக்குக் கலீஃபாவின் அங்கீகாரத்தை நாடினார். படையும் கருவூலமும் இருந்தும், தம் அதிகாரத்துக்கு ஓர் ஆதாரம் வேண்டும் என அவர் உணர்ந்திருந்தார். அவருடைய ஆட்சியின் எல்லாச் செயல்களையும் எடைபோடுவது இங்கு நம் நோக்கமன்று. ஆனால் அவர் வெளியிட்ட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். திப்பு என்ற பெயர் அதில் இராது. ஒரு பக்கத்தில், ‘ஹுவஸ் சுல்தானுல் வஹீதுல் ஆதில்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். அவனே சுல்தான், தனித்தவன், நீதியாளன் என்பது பொருள். ‘அவன்’ என்பது இறைவனையே குறிக்கிறது எனக் கொண்டால், மன்னர் தம் நாணயத்திலிருந்து தம் பெயரையும் பட்டத்தையும் அகற்றி, அவற்றை உரியவனிடம் ஒப்படைத்துவிட்டார் என்றாகிறது. சந்தையில் உப்புக்கும் புளிக்கும் கைமாறிய காசு, ஆளும் அதிகாரம் யாருடையது என்பதை வீடுதோறும் சொல்லிச் சென்றது.

நிழல் யாருக்காக?

வாசகர்களே! நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆவின் இரண்டாம் குத்பாவில், சுல்தான் என்பவர் பூமியில் இறைவனின் நிழல் என்ற கருத்துள்ள வாசகத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வறிவிப்பின் தரம் குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் தொடர்ச்சியைப் பலர் அறிவதில்லை. அநீதியிழைக்கப்பட்ட ஒவ்வொருவரும் ஒதுங்கும் இடம் அந்நிழல் என்று அது தொடர்கிறது.

நாகலூர்ப் பக்கம் சென்றவர்கள் அறிவர்: காப்பிச் செடி வெயிலில் வாடும், ஆகவே உயர்ந்த மரங்களை இடையிடையே வளர்த்து நிழல் தருவர். அந்த நிழல் செடிக்காக இருக்கிறதே தவிர, செடி நிழலுக்காக இல்லை. நிழல் அளவுக்கு மிஞ்சிச் செடியை அமுக்கினால் தோட்டக்காரர் மரத்தின் கிளைகளைக் கழிப்பார். ஆட்சியதிகாரத்தின் இலக்கணமும் இதுவே.

மூதாட்டிக்கு மறுமொழி

அம்மா! வலீ இல்லாதவளுக்குச் சுல்தான் வலீ என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியபோது, அவர்கள் எந்த அரியணையிலும் அமர்ந்திருக்கவில்லை. பாயின் தழும்பு பதிந்த திருமேனியுடன் வாழ்ந்த அவர்கள் சுட்டியது ஒரு மன்னரை அன்று, ஒரு கடமையை. எவருமற்ற பெண்ணுக்கு எவரேனும் பொறுப்பாக வேண்டும். அந்தப் பொறுப்புக்குச் சுல்தான் என்று பெயர்.

இந்தியாவில் நீதிமன்றங்களோடு இணைந்திருந்த காஜி பதவியை 1864-ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிற்று. அதனால் நிக்காஹ் முதலிய காரியங்களில் ஏற்பட்ட இடரை நீக்க, 1880-ல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. நீதிபதியின் அதிகாரத்தை அச்சட்டம் காஜிக்கு வழங்கவில்லை. அவர் வராமல் நிக்காஹ் கூடாது என்றும் கூறவில்லை. ஆயினும் முஸ்லிம்கள் விரும்பும் ஊர்களுக்கு அரசு காஜியை நியமிக்க வழிசெய்தது. குடியரசான பின்னரும் அச்சட்டம் நிலைத்திருக்கிறது. தமிழகத்திலும் அரசு காஜிகளை நியமித்து வந்துள்ளது. அப்படியாயின், உங்கள் பேத்தியின் நிக்காஹ்வுக்கு வந்த அனுமதி எங்கிருந்து வந்தது? காஜியை நியமித்தது அரசு. அந்த அரசை அமைத்தது மக்களின் வாக்கு. மலையிறங்கியோ மலையிலேயோ வரிசையில் நின்று விரலில் மை இட்டுக்கொண்டீர்களே, அந்த விரலும் சுல்தானின் ஒரு பகுதி. நீங்கள் தேடிய சுல்தான் மண்ணுக்குள் இல்லை. உங்கள் கையிலும் சிறிது இருந்தது.

பொறுப்பு அத்துடன் முடியவில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோர் குறித்து விசாரிக்கப்படுவர் என்ற கருத்தை நபிகளார் (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். தலைவரும், குடும்பத் தலைவரும், இல்லத் தலைவியும், பணியாளரும் அந்த ஹதீஸில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

ஆகவே, மஹல்லாவின் முத்தவல்லி அவர்களே! உங்கள் எல்லையில் வலீ இல்லாத பெண் எவள், பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத யதீம் எவர் என்னும் பட்டியல் உங்கள் கைவசம் உண்டா? அதுவே உங்கள் பதவியின் ஆதாரம். தந்தையரே! ‘நான் சொல்கிறேன், அதனால் செய்’ என்று மகனையும் மகளையும் அடக்கும்போது, சுலைமான் (அலை) அவர்கள் ஒரு பறவைக்கும் பேச இடமளித்ததை நினையுங்கள். மகளின் சம்மதத்தைக் கேளாமல் வலீ என்ற உரிமையை மட்டும் கையிலெடுப்பது, சுல்தான் இன்றிப் பட்டத்தை மட்டும் சூடிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

மறுமையில் இடக்கையில் ஏடு கொடுக்கப்பட்டவன், என் செல்வம் எனக்குப் பயன்படவில்லையே, என் சுல்தான் என்னைவிட்டு அழிந்துவிட்டதே என்று புலம்புவதாகத் திருமறை கூறுகிறது (69:28-29). ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் முதல் அடுப்படியில் அதட்டியவர் வரை எல்லாருக்கும் அந்தப் புலம்பலில் பங்கு நேரக்கூடும்.

அன்று அஸர் தொழுகை முடிந்து, காஜி அவர்களின் அனுமதியுடன் நாகலூரில் அந்த நிக்காஹ் இனிதே நிறைவேறிற்று. மஹர் தொகையை மணமகளின் கையிலேயே ஒப்படைக்கும்படி மூதாட்டி கேட்டுக்கொண்டார், அவ்வாறே செய்யப்பட்டது.

உதவும் ஆற்றலைத் தன்னிடமிருந்து தந்தருளுமாறு இறைவனிடம் வேண்டும்படி நபிகளாருக்குக் கற்றுத்தரப்பட்ட துஆவிலும் ‘சுல்தான்’ என்ற சொல்லே அமைந்துள்ளது (17:80). அதே துஆவை நாமும் கேட்போம். நம் கையில் உள்ள சிறு அதிகாரத்தையும் ஆதாரத்துடனும் நீதியுடனும், எவருமற்றோர்க்கு நிழலாகவும் செலுத்தும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.